விரலுக்கு உண்டு, செருப்புக்கு இல்லை

போன வருஷம் ஐப்பசியில் ஒரு மத்தியானம் முழுக்க ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பில்லிங் கவுன்ட்டர் எதிரே உட்கார்ந்திருந்தேன். டாக்டர் 'டிஸ்சார்ஜ்' என்று சொன்னது காலை பத்து மணிக்கு. இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து அப்ரூவல் வந்தால்தான் வெளியே விடுவார்கள். மணி மூன்றாகியும் வரவில்லை. பக்கத்தில் வீல்சேரில் என் பெரியப்பா. வயது 71. இடது காலில் பெரிய கட்டு. அதற்குள் இருக்க வேண்டிய ஐந்து விரல்களில் இரண்டு இல்லை.

நடந்தது இதுதான். புரட்டாசி சனிக்கிழமை, உச்சி வெயில், பெருமாள் கோயில். கருங்கல் பிராகாரம் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடக்கிறது. எல்லோரும் தத்தித் தத்தி நிழலுக்கு ஓடியிருக்கிறார்கள். பெரியப்பா மட்டும் நிதானமாக மூன்று சுற்று சுற்றியிருக்கிறார். "பக்தின்னா அது பக்தி!" என்று பெரியம்மாவுக்குப் பெருமை.

அது பக்தி இல்லை. இருபது வருஷத்துச் சர்க்கரை, பாதத்து நரம்புகளை மரத்துப்போகச் செய்திருந்தது. சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை. கொப்புளம் வந்ததும் தெரியவில்லை, உடைந்ததும் தெரியவில்லை. பெட்ஷீட்டில் கறை பார்த்துப் பெரியம்மா அலறியபோது விரல் கறுத்திருந்தது.

ஒருவழியாக அப்ரூவல் வந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்தி மூன்று வயது இருக்கும். சிரித்த முகம்.

"மொத்தம் 1,86,000 சார். 1,77,000 அப்ரூவ் ஆயிருக்கு. மீதி 9,000 நான்-பேயபிள். நீங்க கட்டணும்."

"நான்-பேயபிள்னா?"

"இன்ஷூரன்ஸ்ல வராதது சார். கையுறை, மாஸ்க், க்ரேப் பேண்டேஜ், வாக்கர்... அப்புறம் இந்தச் செருப்பு, 2,100."

செருப்பு என்பது சாதாரணச் செருப்பு இல்லை. காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்காக, மெத்தென்ற ரப்பரில், பாதத்தின் அளவெடுத்துச் செய்வது. இனிமேல் வீட்டுக்குள்ளும் இதைப் போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த விரலும் போகும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

பெரியப்பா தபால் துறையில் முப்பத்தைந்து வருஷம் கணக்குப் பார்த்தவர். வீல்சேரை இரண்டடி முன்னால் தள்ளச் சொன்னார்.

"ஏம்மா, விரலை வெட்டறதுக்கு ஒண்ணே முக்கால் லட்சம் குடுக்கறான். மிச்சம் இருக்கற மூணு விரலைக் காப்பாத்தறதுக்கு ரெண்டாயிரம் குடுக்க மாட்டானா?"

அந்தப் பெண் சிரித்தபடியே, "பாலிசி கண்டிஷன் சார்" என்றாள். அவளால் வேறென்ன சொல்ல முடியும்? பணத்தைக் கட்டிவிட்டு வந்தோம். கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

* * *

அன்று ராத்திரி அவருடைய பாலிசியை முழுசாகப் படித்தேன். இந்தியாவில் இதைச் செய்த ஒரு சிலரில் நானும் ஒருவனாக இருப்பேன் என்று நினைக்கிறேன். முதல் பக்கத்தில் குடும்பத்தோடு சிரிக்கும் படம். கடைசிப் பக்கங்களில் கடுகு எழுத்தில் 'கிடையாது'களின் பட்டியல்.

மூக்கைத் திருத்திக்கொள்ளும் அழகு சிகிச்சை கிடையாது. குழந்தையின்மைக்கான சிகிச்சை கிடையாது. பிரசவம் கிடையாது. கண்ணாடியைக் கழற்றுவதற்கான லேசர், பவர் 7.5 டயாப்டருக்குக் குறைவாக இருந்தால் கிடையாது. (7.4 என்றால் ஆசை, 7.5 என்றால் தேவை!) குடிப்பழக்கத்துக்கான சிகிச்சை கிடையாது. கம்பெனிக்கு ஒரு வாசகமாக எழுதிக்கொண்டிருந்த இந்த விலக்குகளை 2019ல் ஒழுங்குமுறை ஆணையம் எல்லோருக்கும் பொதுவான வாசகமாக்கியது. அது நல்ல காரியம். திட்டுவதற்காவது எல்லோருக்கும் ஒரே வரி கிடைத்தது.

பின்னிணைப்பில் 68 பொருட்களின் பட்டியல் ஒன்று. மினரல் வாட்டர், டி.வி. வாடகை, லாண்டரி... சரி, இதற்கெல்லாம் ஊரார் பணத்தைக் கேட்பது நியாயமில்லைதான். அதே பட்டியலில், தெர்மாமீட்டரோடும் முட்டிப் பட்டையோடும், 'டயாபடிக் ஃபுட்வேர்'. சர்க்கரை நோயாளியின் செருப்பும் டி.வி. வாடகையும் ஒரே ஜாதி.

எனக்கு ஒரு நண்பர் உண்டு. பொதுத்துறை இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். 1986ல் அரசு கம்பெனிகள் 'மெடிக்ளெய்ம்' என்ற பெயரில் மருத்துவக் காப்பீட்டை விற்க ஆரம்பித்தபோது சர்வீஸில் இருந்தவர். அவரிடம் பெரியப்பாவின் கேள்வியைக் கேட்டேன். அசரவில்லை.

"வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கீங்க. தீப்பிடிச்சா பணம் வரும். வெள்ளையடிக்கறதுக்குக் கேட்பீங்களா?"

"மாட்டேன்."

"அதேதான். இன்ஷூரன்ஸ்ங்கறது வருமோ வராதோன்னு தெரியாத விஷயத்துக்கு. அதுவும் வந்தா தாங்க முடியாத விஷயத்துக்கு. செருப்பு தேய்றது நிச்சயம். மாத்திரை முடியறது நிச்சயம். நிச்சயமா வர்ற செலவுக்கு இன்ஷூரன்ஸ் எதுக்கு?"

ஒரு பேப்பரில் கணக்கும் போட்டுக் காட்டினார். ஆயிரம் பேர் கூடுகிறார்கள். வருஷத்துக்கு அதில் பத்து பேர் ஆஸ்பத்திரியில் படுக்கிறார்கள், ஆளுக்கு 2 லட்சம் செலவு என்று வையுங்கள். மொத்தம் 20 லட்சம். தலைக்கு 2,000 ரூபாய் போட்டால் போதும். ஆபீஸ் செலவு, ஏஜென்ட் கமிஷன் என்று 500 சேர்த்து 2,500. தனி ஆளாக 2 லட்சத்துக்கு எங்கே போவீர்கள்? இங்கே 2,500ல் நிம்மதி. இப்போது எல்லோருக்கும் வருஷத்துக்கு 2,000 ரூபாயில் செருப்பு தருவோம் என்று ஆரம்பித்தால்? இன்னொரு 20 லட்சம். அதற்கும் ஆபீஸ் செலவு. பிரீமியம் 5,000 ஆகிவிடும். 2,000 ரூபாய் செருப்பை 2,500 கொடுத்து வாங்கியிருப்பீர்கள். 5,000 கட்ட முடியாத நூறு பேர் கூட்டத்தை விட்டே போய்விடுவார்கள். நாளைக்கு அவர்கள் ஆஸ்பத்திரியில் படுத்தால் 2 லட்சமும் கிடைக்காது.

கணக்கில் தப்பில்லை. மருத்துவக் காப்பீடு எல்லாவற்றுக்கும் கொடுக்க வேண்டும் என்று வசனம் பேசுகிறவர்கள் (நானும் பேசியிருக்கிறேன்) இந்தப் பேப்பரைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்க வேண்டும். உள்ளே சேர்க்கும் ஒவ்வொரு சௌகரியமும் ஒரு ஏழையை வெளியே தள்ளக்கூடும்.

'ஏற்கெனவே உள்ள நோய்க்கு இத்தனை வருஷம் காத்திரு' என்ற நிபந்தனையிலும் இதே நியாயம்தான். வீடு பற்றி எரியும்போது போன் பண்ணி இன்ஷூரன்ஸ் எடுக்கலாம் என்றால் யாரும் முன்னாலேயே எடுக்க மாட்டார்கள். ஆனால் நியாயத்துக்கும் ஓர் அளவு வேண்டுமே! அதிகபட்சம் 4 வருஷம் என்றிருந்த காத்திருப்பை 2024ல் 3 வருஷமாகக் குறைத்தார்கள்.

* * *

நண்பரின் கணக்கில் எனக்கு ஒரு இடம் மட்டும் இடித்தது. வெள்ளையடிக்காததால் எந்த வீடும் தீப்பிடித்ததில்லை. ஆனால் செருப்பு இல்லாததால் விரல் போயிருக்கிறது. பெரியப்பாவின் விபத்து வானத்திலிருந்து விழவில்லை. இருபது வருஷம் ஒவ்வொரு படியாக ஏறி வந்தது. மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் கால் பரிசோதனைக்கும் தன் பென்ஷனிலிருந்து அவரே செலவழித்தார். கையைக் கடித்த மாதங்களில் முதலில் விட்டது பரிசோதனையை. அப்போதெல்லாம் இன்ஷூரன்ஸ் எட்டிப் பார்க்கவில்லை. விரல் கறுத்த அன்றைக்குத்தான் வந்தது, கையில் ஒண்ணே முக்கால் லட்சத்தோடு.

இது பெரியப்பா ஒருவரின் கதை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் உதவியோடு நாடு முழுக்க நடந்த ஆய்வு ஒன்று, 2023ல் முடிவுகளை வெளியிட்டது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய். அதற்கு முந்தைய கட்டத்தில் இன்னும் 13 கோடிக்கும் மேல்.

"செருப்புக்குக் குடுத்தா கம்பெனிக்கும் லாபம்தானே? விரல் செலவு மிச்சமாகுமே?" என்று கேட்டேன்.

நண்பர் சிரித்தார். "யாருக்கு மிச்சம்? பாலிசி ஒரு வருஷத்துக்கு. 2011லேர்ந்து ஒரு கம்பெனிலேர்ந்து இன்னொரு கம்பெனிக்கு மாறிக்கலாம்னு வந்தாச்சு. இன்னிக்கு நான் செருப்பு வாங்கிக் குடுக்கறேன். உங்க பெரியப்பா விரல் அஞ்சு வருஷம் கழிச்சுப் பொழைச்சா, லாபம் அன்னிக்கு எவன்கிட்ட பாலிசி இருக்கோ அவனுக்கு."

எனக்குப் பொறி தட்டியது இங்கேதான். கம்பெனிக்காரர்கள் கெட்டவர்கள் என்பதில்லை. நம் உடம்பின் கணக்கு எழுபது வருஷம், பாலிசியின் கணக்கு பன்னிரண்டு மாதம். வருஷக் கணக்கில் பார்த்தால் செருப்பு செலவு. ஆயுள் கணக்கில் பார்த்தால் அதுதான் சேமிப்பு. யார் நம்மை ஆயுள் முழுக்கக் கணக்கில் வைத்திருக்கிறார்களோ, அவர்களுக்குத்தான் செருப்பின் அருமை தெரியும்.

அப்படி யாராவது இருக்கிறார்களா? ஓரளவுக்கு இருக்கிறார்கள். இ.எஸ்.ஐ.யை எடுத்துக்கொள்ளுங்கள். 1948ல் சட்டம் வந்து, 1952ல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. தொழிலாளி சேரும்போது சர்க்கரை இருக்கிறதா, பி.பி. இருக்கிறதா என்று கேட்பதில்லை. ஜுரத்துக்கு மாத்திரை, வெளி நோயாளிச் சிகிச்சை, பிரசவம், குடும்பத்துக்கும் வைத்தியம். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், 91 நாள் வரை. நீண்ட க்யூவும் மருந்து ஸ்டாக் இல்லாத நாட்களும் அங்கே உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவருக்குச் சேருகிற அன்றே உரிமையாகிற மாத்திரை, தரமணியில் கம்ப்யூட்டர் தட்டுகிறவரின் பாலிசியில் பெரும்பாலும் கிடையாது. 1948ல் உட்கார்ந்து யோசித்தவர்கள், 'எது விபத்து' என்று கேட்காமல் 'மனுஷனுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் என்னென்ன தேவைப்படும்' என்று கேட்டிருக்கிறார்கள்.

* * *

ஆஸ்பத்திரியில் நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெரியப்பாவுக்கு எதிர்க் கட்டிலில் ஒருவர். நாற்பது, நாற்பத்திரண்டு வயது. கல்லீரல் கெட்டு, வயிறு வீங்கி, கண்கள் மஞ்சளாக இருந்தார். கேஸ் ஷீட்டில் 'பல வருடக் குடிப்பழக்கம்' என்று டாக்டர் எழுதியிருந்தார். அந்த ஒரு வரியைக் காட்டி க்ளெய்ம் மறுக்கப்பட்டது. மனைவி காதிலிருந்ததைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போனதைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்து வெறும் காதோடு திரும்பி வந்தார்.

பெரியப்பா என் காதோரம் சொன்னார்: "பாவம்தான். ஆனா குடிச்சுக் கெடுத்துக்கிட்டவனுக்கு நாம கட்டின பணத்தைக் குடுக்கணுமாடா?"

நான் வாயை அடக்கியிருக்க வேண்டும். அடக்கவில்லை. "பெரியப்பா, நீங்க டயாபடிக்னு தெரிஞ்ச அப்புறமும் தீபாவளிக்கு எத்தனை ஜாங்கிரி சாப்பிடுவீங்க?"

அவர் பதில் பேசவில்லை. அன்று சாயங்காலம் வரை என்னோடு பேசவே இல்லை.

உண்மையில் அந்தக் கேள்வி பெரியப்பாவுடையது மட்டும் இல்லை. நம் எல்லோர் மனசிலும் இருக்கிறது. 'அவனவன் செய்ததை அவனவன் அனுபவிக்க வேண்டும்.' நியாயமாகத்தான் தோன்றுகிறது. இந்தத் தராசை எடுத்துக்கொண்டு வார்டு வார்டாகப் போய்ப் பாருங்கள். சிகரெட் பிடித்தவரின் நுரையீரல், ஹெல்மெட் போடாதவரின் மண்டை, ஜாங்கிரி சாப்பிட்டவரின் கால், ராத்திரியெல்லாம் ஆபீஸ் வேலை பார்த்தவரின் இதயம். 'இவர் மேல் ஒரு தப்பும் இல்லை' என்று சர்ட்டிபிகேட் கொடுக்க எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? பச்சைக் குழந்தைகள் மிஞ்சலாம்.

தப்பை அளப்பதிலும் நாம் நேர்மையாக இல்லை. நாம் செய்யாத தப்பே நமக்குப் பெரிசாகத் தெரியும். குடி தெரியும், ஜாங்கிரி தெரியாது. ரொம்ப வருஷம் மனநோய்க்கு இன்ஷூரன்ஸ் கிடையாது என்றே எழுதி வைத்திருந்தோம். அதுவும் ஏதோ அந்த ஆளின் பலவீனம் என்ற நினைப்புதான். 2017ல் வந்த மனநலச் சட்டம், உடம்பு நோய்க்கு எப்படியோ அப்படியே மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றது. 2018ல் அமலுக்கு வந்தது. அப்புறமும் மசமசவென்று இழுத்தார்கள். 2022 அக்டோபர் மாதக் கடைசிக்குள் செய்தாக வேண்டும் என்று ஆணையம் கெடு வைக்க வேண்டியிருந்தது. நேற்று 'இவன் தப்பு' என்று ஒதுக்கியதை இன்று 'நோய்' என்கிறோம். நாளைக்கு எதைச் சொல்வோமோ!

குடிக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2003லிருந்து மதுவைச் சில்லறையாக விற்பது அரசாங்கமே. பாட்டிலின் விலையில் பெரும் பங்கு வரியாகக் கஜானாவுக்குப் போகிறது. எதிர்க் கட்டில்காரர் இருபது வருஷமாக அந்த வரியைத் தவறாமல் கட்டியவர். அவர் செய்தது தப்பு என்றால் அதற்கு அபராதம் கடையிலேயே வசூலாகிவிட்டது. ஐ.சி.யு. வாசலில் இன்னொரு தடவை வசூலிப்பது என்ன நியாயம்? அதுவும் அவரிடம் இல்லை, அவர் மனைவியின் காதிலிருந்து.

எனக்குத் தோன்றுவது இது. தப்புக்கு விலை வைப்பதென்றால் கடையில் வைக்கலாம். சிகரெட் பிடிப்பவருக்குப் பிரீமியத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாலிசி எடுக்கிற அன்றைக்கே சொல்லிவிடலாம். முன்னாலேயே தெரிந்தால் மனுஷன் யோசிக்க வாய்ப்பு உண்டு. படுத்த பிறகு வைக்கும் விலையால் யாரும் திருந்துவதில்லை. படுத்தவனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எங்கே வலிக்கிறது?

* * *

'தப்பு பார்க்காதே' என்றும் சொல்கிறாய், 'செருப்பையும் சேர்' என்றும் சொல்கிறாய், அப்புறம் எதைத்தான் விடுவது என்று நீங்கள் கேட்கலாம். பானை ஒன்றுதான். எல்லோருக்கும் எல்லாமும் அதிலிருந்து வராது. எங்காவது ஓர் ஊரில் ஜனங்கள் வெளிப்படையாக உட்கார்ந்து, எது உண்டு எது இல்லை என்று பேசி முடிவு செய்திருக்கிறார்களா என்று தேடினேன். ஒரு இடம் கிடைத்தது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஆரெகன் என்ற மாநிலம்.

1987ல் அந்த மாநில அரசு, ஏழைகளுக்கான மருத்துவத் திட்டத்தில் உறுப்பு மாற்று சிகிச்சைகளுக்குப் பணம் தருவதை நிறுத்தியது. அந்தப் பணத்தில் நிறைய ஏழைக் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கவனிக்கலாம் என்பது கணக்கு. அதே வருஷம் ரத்தப் புற்றுநோய் வந்த ஏழு வயதுப் பையன் ஒருவனுக்கு எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டியிருந்தது. அரசு பணம் கிடையாது. ஊரார் உண்டியல் குலுக்கினார்கள். போதிய பணம் சேரும் முன் பையன் இறந்துபோனான். நாடே கொதித்தது.

அந்த மாநில செனட்டின் தலைவர் ஜான் கிட்ஸாபர். எமர்ஜென்சி டாக்டராக வேலை பார்த்தவர், பின்னால் கவர்னரும் ஆனார். அவர் ஒரு சங்கடமான கேள்வியை எழுப்பினார். முகம் தெரிந்த ஒரு பையனுக்காக அழுகிறோம். டாக்டரையே பார்க்காமல் பிரசவிக்கும் முகம் தெரியாத தாய்மார்களுக்காக யார் அழுவது? பிறகு ஒரு கமிஷன் போட்டு, ஊர் ஊராகக் கூட்டம் நடத்தி, நோய்களையும் சிகிச்சைகளையும் வரிசைப்படுத்தினார்கள். பணம் எதுவரைக்கும் வருமோ அதுவரைக்கும் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே உண்டு, கீழே இல்லை.

1990ல் வந்த முதல் பட்டியலைப் பார்த்து ஊரே சிரித்தது. செலவையும் பலனையும் வகுத்துப் போட்ட கணக்கில், பல்லுக்குத் தொப்பி வைப்பது, கருக்குழாயில் கரு தங்கிய பெண்ணின் உயிரைக் காப்பாற்றும் ஆபரேஷனோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. பல் மலிவு, அதனால் மார்க் அதிகம். கால்குலேட்டருக்கு உயிரும் பல்லும் ஒன்று! வெட்கப்பட்டுத் திருத்தினார்கள். 1991ல் 709 வரிகள் கொண்ட பட்டியல் வந்தது, கோடு 587ல். 1994ல் நடைமுறைக்கு வந்தது.

இதில் குறைகள் உண்டு. பட்டியல் ஏழைகளுக்கு மட்டும். கோடு போட்டவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கோடு பொருந்தாது. பின்னால் பண நெருக்கடி வந்தபோது பட்டியலை விட்டுவிட்டு ஆட்களைக் குறைத்தார்கள். 2008ல் மிச்சமிருந்த இடங்களுக்குக் குலுக்கல் முறையில் ஆள் எடுக்கும் நிலைமை வந்தது. நம் வீட்டுமனைக் குலுக்கல் மாதிரி.

ஆனாலும் ஆரெகன்காரர்களிடமிருந்து எனக்கு இரண்டு விஷயங்கள் கிடைத்தன. ஒன்று, கோட்டைப் பகிரங்கமாகப் போட்டார்கள். தப்பென்று தெரிந்ததும் திருத்த முடிந்தது அதனால்தான். நம் 68 பொருள் பட்டியல் எந்தக் கூட்டத்தில் யார் பேசி வந்தது? பெரியப்பா மாதிரி ஒருவர் அங்கே இருந்திருந்தால் செருப்பு டி.வி. வாடகையோடு சேர்ந்திருக்குமா? இரண்டாவது, பதினைந்து வருஷ அனுபவத்துக்குப் பிறகு பட்டியலைத் திருத்தி எழுதியபோது, நோயைத் தடுப்பதையும் நாள்பட்ட நோயைக் கவனிப்பதையும் வரிசையில் மேலே ஏற்றினார்கள். பெரியப்பா வீல்சேரில் உட்கார்ந்து ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்ததை அவர்கள் பதினைந்து வருஷத்தில் கண்டுபிடித்தார்கள்.

* * *

என் பங்குக்கு நானும் ஒரு கோடு போட்டுப் பார்த்தேன். மூன்று கேள்விகள்.

முதலாவது, இதை ஒரு குடும்பம் தனியாகத் தாங்குமா? தாங்காது என்றால் பொதுப் பானையிலிருந்து வரட்டும். புற்றுநோய், இதய ஆபரேஷன், ஐ.சி.யு. எல்லாம் இதில் வரும். தமிழ்நாட்டு அரசு 2009ல் ஆரம்பித்த காப்பீட்டுத் திட்டமும், அதன் தொடர்ச்சியாக 2012ல் வந்த முதலமைச்சர் திட்டமும், 2018ல் மத்தியத் திட்டத்தோடு சேர்ந்து குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ஆனதும் இந்தக் கேள்விக்கான பதில்கள்தான். காது நகைகள் நிறைய தப்பித்திருக்கின்றன.

இரண்டாவது, இது தேவையா, ஆசையா? ஆசைக்கு ஊரார் பணம் வேண்டாம். தனி ரூம், சோபா, இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்பதற்காகவே எடுக்கும் நாலாவது ஸ்கேன். ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் 'என்ன செய்யுது?' என்று கேட்பதற்கு முன்னால் 'இன்ஷூரன்ஸ் இருக்கா?' என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்குப் பின்னால் நீளும் பில்லில் பாதி இந்த வகை. நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 'இத்தனை வருஷம் கட்டியிருக்கோமே, ஒரு செக்கப் பண்ணி எடுத்துடலாம்' என்று வலி இல்லாமலே அட்மிட் ஆகிறவர்கள் எனக்குத் தெரிந்து நாலு பேர் உண்டு. நோய் வராமல் கட்டிய பணம் வீண் இல்லை. அது யாரோ ஒருவரின் விரலுக்கோ நெஞ்சுக்கோ போயிருக்கிறது.

மூன்றாவது, இன்று சிறிசாக மறுத்தால் நாளை பெரிசாகத் திரும்பி வருமா? வரும் என்றால் இன்றே கொடுத்துவிடுவது தர்மம் மட்டும் இல்லை, புத்திசாலித்தனம். மாத்திரை, கால் பரிசோதனை, செருப்பு, குடியை நிறுத்துவதற்கான சிகிச்சை எல்லாம் இதில் அடங்கும். நண்பர் சொன்னபடி ஒரு வருஷக் கம்பெனியால் இதைச் செய்ய முடியாது என்றால், ஆயுள் முழுக்க நம்மைக் கணக்கில் வைத்திருக்கும் அரசாங்கம் செய்யட்டும். 2021ல் இங்கே தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுபோனது இந்த வழியில்தான். மாத்திரை வந்த வழியில் செருப்பு வர முடியாதா?

'இது யார் தப்பு?' என்ற கேள்வியை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அதைக் கேட்க ஆரம்பித்தால் பானையில் பணம் மிச்சமாகும். சுற்றி உட்கார ஆள் இருக்காது.

* * *

சென்ற வாரம் பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். ஹாலில் செருப்போடு நடந்துகொண்டிருந்தார். அந்த வீட்டில் அறுபது வருஷமாக வாசற்படி தாண்டிச் செருப்பு வந்ததில்லை. ஆரம்பத்தில் பெரியம்மா ஒப்பவே இல்லை. "பூஜை ரூம் வரைக்கும் செருப்பா?" என்று மூன்று நாள் பேசாமல் இருந்திருக்கிறார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அதை செருப்பு என்று சொல்லக் கூடாது, 'கால் மருந்து' என்று சொல்ல வேண்டும். இப்போது, "என்னங்க, கால் மருந்து போட்டுக்கிட்டீங்களா?" என்று அவரேதான் எடுத்து வைக்கிறார்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் புரியாதது பெரியம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

மிச்ச மூன்று விரல்களும் பத்திரம். பெரியப்பா காலை நீட்டிக் காட்டினார்.

"கணக்குப் பாருடா. இன்னொரு விரல் போயிருந்தா அவனுக்கு இன்னொரு ஒண்ணே முக்கால் லட்சம். என் சொந்தக் காசுல செருப்பு வாங்கி அவனுக்கு மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"ஆமாம் பெரியப்பா."

"பதிலுக்கு என்ன அனுப்பிச்சிருக்கான் தெரியுமா?" டீப்பாயிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார்.

பிரித்துப் பார்த்தேன். ரெனியூவல் நோட்டீஸ். பிரீமியத்தை ஏற்றியிருந்தார்கள்.